பிளேட் காய்வதற்குள்: கொலோடியன் கண்ணாடி நெகட்டிவும் டின்டைப்பும், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்கும் ஒருவரையும், அவர் பக்கத்தில் சிவப்பு ஜன்னல் வைத்த மரப்பெட்டியையும் பார்த்தால் யாருக்கும் கேள்வி வரும். படமெடுத்துக்கொள்ள வந்து உட்கார்ந்தவர்களும், தாங்களே செய்து பார்க்க ஆசைப்பட்டவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவை இவை. சிலவற்றுக்கு ஒரு வரி போதும். சிலவற்றுக்குப் போதாது.

வெட் பிளேட் கொலோடியன் என்றால் என்ன?

கண்ணாடி மேலோ கறுப்புப் பூச்சுள்ள உலோகத் தகடு மேலோ கொலோடியன் என்ற பிசின் போன்ற திரவத்தை ஊற்றி மெல்லிய ஆடையாகப் பரப்புகிறோம். அதைச் சில்வர் நைட்ரேட் கரைசலில் முக்கினால் ஒளி உணரும் தன்மை வந்துவிடும். ஈரம் சொட்டச் சொட்ட அதைக் கேமராவில் வைத்துப் படம் எடுத்து, ஈரம் போவதற்குள் டெவலப் செய்கிறோம், அதாவது ஒளி பதித்த படத்தைக் கண்ணுக்குத் தெரியவைக்கிறோம். ஃபிலிம் கடையில் வாங்கும் பொருள் எதுவும் இதில் கிடையாது. படம் எடுக்கிறவரே அந்த இடத்தில், அந்த நிமிடத்தில் தன் ஃபிலிமைச் செய்துகொள்கிறார்.

கொலோடியன் என்பது அமிலத்தில் பதப்படுத்திய பஞ்சை ஈத்தரிலும் ஆல்கஹாலிலும் கரைத்தது. 1840-களின் கடைசியில் மருத்துவர்கள் இதைக் காயத்தின் மேல் தடவினார்கள். காய்ந்ததும் தோல் போல ஒட்டிக்கொள்ளும். அந்த ஒட்டும் குணத்துக்காகத்தான் புகைப்படக்காரர்கள் இதை எடுத்துக்கொண்டார்கள்.

கண்ணாடி நெகட்டிவ், அம்ப்ரோடைப், டின்டைப் மூன்றும் வேறு வேறா?

வேதியியல் ஒன்றுதான், நோக்கம்தான் வேறு. இந்த முறையில் வரும் வெள்ளிப் படிவு கறுப்பாக இருக்காது, வெளிர் சாம்பல் நிறத்தில் இருக்கும். அதனால் மெலிதாக வந்த ஒரு நெகட்டிவை, அதாவது வெளிச்சமும் நிழலும் மாறிப் பதிந்த படத்தை, கறுப்புப் பின்னணி மேல் வைத்தால் வெள்ளி படிந்த இடம் வெளிச்சமாகவும், படியாத இடம் நிழலாகவும் தெரியும். நெகட்டிவ் அப்படியே பாசிட்டிவாகிவிடும். கண்ணாடியின் பின்னால் கறுப்பு வைத்தால் அம்ப்ரோடைப். முதலிலேயே கறுப்பு பூசிய தகட்டில் செய்தால் டின்டைப். நெகட்டிவ் வேண்டுமென்றால் மெலிதாக இருக்கக் கூடாது. வெள்ளி நன்றாகத் திரண்டு, வெளிச்சத்தைத் தடுக்கும் அளவுக்கு அடர்த்தியாக வர வேண்டும்.

டின்டைப்பில் கிடைப்பது ஒரே ஒரு படம். அதைத் தொலைத்தால் தொலைத்ததுதான். நெகட்டிவ் இருந்தால் எத்தனை பிரதி வேண்டுமானாலும் போடலாம்.

இதைக் கண்டுபிடித்தவர் யார்?

ஃபிரடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் என்ற ஆங்கிலேயச் சிற்பி. தன் சிற்பங்களுக்கு மாதிரியாக வைத்துக்கொள்ளப் படம் எடுக்க ஆரம்பித்தவர். அன்று இருந்த காகித நெகட்டிவில் நார் நாராகத் தெரிந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. 1851 மார்ச்சில் தன் முறையை ஒரு வேதியியல் பத்திரிகையில் விளக்கமாக எழுதி வெளியிட்டார். அதற்கு முந்தைய ஆண்டே பிரான்ஸில் குஸ்தாவ் லு கிரே கொலோடியனைப் பயன்படுத்தலாம் என்று குறிப்பிட்டிருந்தார். ஆனால் மற்றவர்கள் செய்து பார்க்கும்படி முழு முறையையும் கொடுத்தவர் ஆர்ச்சர்தான்.

அவர் காப்புரிமை வாங்கவில்லை. காகித நெகட்டிவுக்குக் காப்புரிமை வைத்திருந்த ஹென்றி ஃபாக்ஸ் டால்பட், கொலோடியனும் தன் உரிமைக்குள் வரும் என்று வழக்குக்குப் போனார். 1854 டிசம்பரில் லண்டனில் நடந்த அந்த வழக்கில் ஜூரி அதை ஏற்கவில்லை. அதற்குப் பிறகு ஊருக்கு ஊர் ஸ்டுடியோக்கள் முளைத்தன. ஆர்ச்சருக்கு அதில் காசு எதுவும் வரவில்லை. 1857-ல் ஏறக்குறைய ஒன்றும் இல்லாமல் இறந்தார். இன்று நான் ஊற்றும் ஒவ்வொரு பிளேட்டும் அவர் இலவசமாகக் கொடுத்தது. புதிதாகக் கற்க வருகிறவர்களிடம் அவர் பெயரை முதல் நாளே சொல்லிவிடுவேன்.

டின்டைப்பில் டின் இருக்கிறதா?

கிடையாது. அந்தக் காலத்தில் மெல்லிய இரும்புத் தகடு. அதன் மேல் கறுப்பு வார்னிஷைச் சுட்டு ஏற்றுவார்கள். பிரான்ஸில் அடோல்ஃப் அலெக்சாந்தர் மார்ட்டின் 1853-ல் இதை விவரித்தார். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்துக் கல்லூரிப் பேராசிரியர் ஹாமில்டன் ஸ்மித் 1856-ல் காப்புரிமை வாங்கினார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் சிப்பாய்கள் லட்சக்கணக்கில் எடுத்துக்கொண்டது இதைத்தான். உடையாது, விலை மலிவு, கடித உறைக்குள் வைத்து வீட்டுக்கு அனுப்பலாம்.

இப்போது பலரும் பயன்படுத்துவது கறுப்பு எனாமல் பூசிய அலுமினியத் தகடு, அதாவது பரிசுக் கோப்பைகளில் பெயர் பொறிக்கும் தகடு. மேலே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தால் தயார். தேய்த்துக் கழுவும் வேலை இல்லாததால் கற்றுக்கொள்கிறவர்களுக்கு இதுதான் நல்லது.

டின்டைப்பில் முகம் இடம் வலமாக மாறித் தெரிகிறதே?

ஆமாம், கண்ணாடியில் பார்ப்பது மாதிரி இருக்கும். சட்டைப் பொத்தான் மறுபக்கம் போகும், எழுத்து இடவலம் புரண்டு தெரியும். அமெரிக்கக் கொள்ளைக்காரன் பில்லி தி கிட்டின் புகழ்பெற்ற டின்டைப்பைப் பார்த்து, அவன் இடது கைக்காரன் என்று பல காலம் நம்பினார்கள். துப்பாக்கி இடது இடுப்பில் தெரிந்ததற்கு இந்தப் புரட்டல்தான் காரணம். கண்ணாடியில் செய்தால் திருப்பி வைத்துச் சரிசெய்துகொள்ளலாம்.

மொத்தம் எவ்வளவு நேரம் ஆகும்? ஏன் இவ்வளவு அவசரம்?

ஊற்றியதிலிருந்து டெவலப்பர் போடும்வரை பத்து முதல் பதினைந்து நிமிடம். வெயில் காலத்தில் அதிலும் பாதிதான். காய்ந்தால் மேலே இருக்கும் சில்வர் நைட்ரேட் படிகமாகிவிடும். கொலோடியன் ஆடையும் இறுகிப்போய் டெவலப்பரை உள்ளே விடாது. அதனால்தான் அந்தக் காலத்துப் புகைப்படக்காரர்கள் இருட்டறையைக் கூடவே இழுத்துக்கொண்டு போனார்கள். 1855-ல் கிரிமியப் போருக்குப் போன ரோஜர் ஃபென்டன் ஒரு மது வியாபாரியின் வண்டியை வாங்கி அதையே இருட்டறையாக மாற்றிக்கொண்டார்.

எந்தெந்த ரசாயனம் வேண்டும்?

கொலோடியன், அதில் கரைக்க ஓர் அயோடைடும் ஒரு புரோமைடும், சில்வர் நைட்ரேட், டெவலப்பருக்கு ஃபெர்ரஸ் சல்ஃபேட், அசெட்டிக் அமிலம், ஆல்கஹால், ஃபிக்ஸ் செய்ய (ஒளிபடாத வெள்ளி உப்பைக் கரைத்துப் படத்தை நிலைக்கவைக்க) ஹைப்போ என்ற சோடியம் தயோசல்ஃபேட், கடைசியில் வார்னிஷ். ஃபெர்ரஸ் சல்ஃபேட் வேறொன்றுமில்லை, நம் நாட்டுமருந்துக் கடையில் அன்னபேதி என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பது. ஆனால் படத்துக்கு ஆய்வகத் தரத்தில் வாங்குங்கள். பச்சையாக இருக்க வேண்டும். துருப்பிடித்த மஞ்சள் பூத்திருந்தால் வேண்டாம்.

கொலோடியன் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. மருந்துக்காக விற்கும் ஃப்ளெக்ஸிபிள் கொலோடியனில் விளக்கெண்ணெயும் கற்பூரமும் சேர்ந்திருக்கும். அது இந்த வேலைக்கு ஆகாது. சாதாரணக் கொலோடியன்தான் வேண்டும். அதை ஈத்தரும் ஆல்கஹாலும் விட்டு இளக்கி, 100 மில்லிக்கு ஏறத்தாழ ஒரு கிராம் அயோடைடும் அரை கிராமுக்கு மேல் புரோமைடும் சேர்ப்பது வழக்கம். கலந்த புதிதில் வைக்கோல் நிறத்தில் இருக்கும். நாளாக ஆக தேன் நிறம், அப்புறம் சிவப்பு. சிவக்கச் சிவக்க வேகம் குறையும், மாறுபாடு (வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் உள்ள வித்தியாசம்) கூடும். அமோனியம் அயோடைடு போட்டது சீக்கிரம் பழுக்கும். காட்மியம் போட்டது மாதக்கணக்கில் அப்படியே நிற்கும், ஆனால் காட்மியம் விஷம்.

ஆபத்தானதா? வீட்டில் செய்யலாமா?

அலட்சியமாக இருந்தால் ஆபத்துதான். ஈத்தர் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்து போய் எங்கோ இருக்கும் அடுப்பில் பற்றிக்கொள்ளும். சமையலறையில் கண்டிப்பாகச் செய்யக் கூடாது. சில்வர் நைட்ரேட் தோலில் பட்டால் வெளிச்சத்தில் கறுக்கும். சில நாளில் தானே போய்விடும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணாடிக் கவசம் இல்லாமல் சில்வர் தொட்டியைத் திறக்காதீர்கள். இதில் நான் யாருக்கும் சலுகை கொடுப்பதில்லை.

பயன்படுத்திய ஃபிக்ஸரைச் சாக்கடையில் ஊற்ற வேண்டாம். அதில் வெள்ளி இருக்கிறது. கேனில் சேர்த்துவையுங்கள், வெள்ளியைப் பிரித்தெடுக்கலாம்.

சயனைடு போட்டால்தான் படம் பளிச்சென்று வருமாமே?

பொட்டாசியம் சயனைடில் ஃபிக்ஸ் செய்தால் தொனி கொஞ்சம் வெதுவெதுப்பாக, பளிச்சென்று வரும் என்பது உண்மை. கழுவும் நேரமும் குறைவு. ஆனால் ஒரு துளி அமிலம் அதில் கலந்தால் ஹைட்ரஜன் சயனைடு வாயு கிளம்பும். நம் டெவலப்பரிலேயே அசெட்டிக் அமிலம் இருக்கிறது. பிளேட்டைச் சரியாகக் கழுவாமல் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். 15 முதல் 20 சதவீத ஹைப்போ போதும். அதில் செய்து நன்றாகக் கழுவிய பிளேட்டைப் பார்த்து, இது சயனைடு இல்லை என்று என்னிடம் குறை சொன்னவர் யாரும் இல்லை.

கண்ணாடியை எப்படிச் சுத்தம் செய்வது?

நீங்கள் நினைப்பதைவிட இரண்டு மடங்கு நேரம் எடுத்து. இரண்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள ஜன்னல் கண்ணாடி போதும். முதலில் விளிம்பைச் சாணைக்கல்லில் தேய்த்து மழுக்குங்கள்; கை அறுபடாது, கொலோடியனும் பிடித்துக்கொள்ளும். பிறகு கால்சியம் கார்பனேட் தூளைத் தண்ணீரும் ஆல்கஹாலும் விட்டுக் குழைத்து இரு பக்கமும் தேய்த்து, சுத்தமான பருத்தித் துணியால் துடைக்க வேண்டும். கரும்பலகைச் சாக்பீஸைப் பொடித்துப் போடாதீர்கள். பெரும்பாலும் அது ஜிப்சம்.

கடைசியில் கண்ணாடி மேல் வாயால் ஊதிப் பாருங்கள். ஆவி ஒரே சீராகப் படிந்து ஒரே சீராக மறைந்தால் சரி. எங்காவது விரல் ரேகையோ துணி போன தடமோ தெரிந்தால் அது அப்படியே படத்திலும் வரும். நெகட்டிவுக்கு விளிம்பைச் சுற்றி முட்டை வெள்ளைக்கருவைத் தண்ணீரில் கலந்து ஒரு மெல்லிய கோடு இழுத்துவிடுவேன். நீண்ட நேரம் கழுவும்போது ஆடை உரிந்து வராமல் அது காப்பாற்றும்.

கொலோடியன் ஊற்றும் முறையைச் சொல்லுங்கள்.

ஆப்பம் சுடத் தெரிந்தவர்களுக்கு இது பாதி தெரிந்தது மாதிரிதான். மாவை நடுவில் ஊற்றி, கரண்டி போடாமல் சட்டியைச் சாய்த்துச் சாய்த்தே ஓரம்வரை கொண்டுபோகிறோம் அல்லவா? அதே கை. பிளேட்டை இடது கையில் ஒரு மூலையைப் பிடித்துச் சமமாக வைத்து, நடுவில் ஒரு குளம் மாதிரி ஊற்றுங்கள். எதிர் வலது மூலைக்கு ஓடவிடுங்கள், அங்கிருந்து எதிர் இடது, பிறகு உங்கள் விரல் இருக்கும் மூலை, கடைசியாக நான்காவது மூலை வழியாக மிச்சத்தைப் புட்டிக்குள் வடித்துவிடுங்கள். வடிக்கும்போது பிளேட்டை மெல்ல ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் வரி வரியாகத் தடிக்கும். ஊற்றியதற்கு மேல் மறுபடி ஊற்றாதீர்கள்.

அடுத்து, இறுகும்வரை காத்திருப்பது. வடித்த மூலையை விரல் நுனியால் தொட்டால் ரேகை பதிய வேண்டும், ஆனால் ஒட்டிக்கொண்டு வரக் கூடாது. குளிர்ந்த அறையில் அரை நிமிடம்கூட ஆகலாம். சித்திரை மாதத்தில் ஐந்து விநாடிதான். முன்னாலேயே முக்கினால் ஆடை உரிந்துவிடும். தாமதித்தால் மேல் பகுதி காய்ந்து சில்வர் ஏறாது. நேரத்தைக் கடிகாரம் சொல்லாது, விரல்தான் சொல்லும்.

சில்வர் பாத் பற்றி?

பிளேட்டை முக்கும் சில்வர் நைட்ரேட் கரைசலைத்தான் பாத் என்கிறோம். மொத்த வேலைக்கும் இதயம் இதுதான். 100 மில்லி வாலைவடி நீருக்கு 9 கிராம் சில்வர் நைட்ரேட், கொஞ்சம் நைட்ரிக் அமிலம் விட்டு பிஎச் 4-க்குப் பக்கத்தில். முதல் முறை கலந்ததும் கொலோடியன் ஊற்றிய ஒரு பிளேட்டை இரவு முழுக்க அதில் விட்டுவிடுங்கள். இல்லையென்றால் புது பாத், முதலில் போடும் பிளேட்டுகளிலிருந்தே அயோடைடைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். வேலை செய்யும்போது சிவப்பு வெளிச்சத்தில் பிளேட்டை நிறுத்தாமல் ஒரே மூச்சில் இறக்க வேண்டும்; நடுவில் தயங்கினால் அந்த இடத்தில் கோடு விழும். மூன்று நிமிடம் கழித்துத் தூக்கும்போது எண்ணெய் வழிவது போல இல்லாமல் கரைசல் சீராக வழிந்தால் தயார். பிளேட் பால் போலக் கலங்கிய வெள்ளையாக இருக்கும்.

தண்ணீர் விஷயத்தில் நான் பட்டது ஒன்று. ஆரம்பத்தில் பேட்டரிக்கு விற்கும் டிஸ்டில்டு வாட்டரை ஒரு கடையில் வாங்கி வந்து சில்வரைக் கலந்தேன். கண் முன்னாலேயே மோர் மாதிரி திரிந்துபோனது. அதில் குளோரைடு இருந்திருக்கிறது. விலை கொடுத்து வாங்கிய வெள்ளியில் ஒரு பங்கு குளோரைடோடு சேர்ந்து அடியில் படிந்துவிட்டது. அன்றிலிருந்து எந்தத் தண்ணீராக இருந்தாலும் ஒரு சிறு குப்பியில் எடுத்து இரண்டு சொட்டு சில்வர் விட்டுப் பார்த்துவிட்டுத்தான் கலக்கிறேன். கலங்கினால் வேண்டாம்.

நிறைய பிளேட் போனபின் பாத்தில் ஈத்தரும் ஆல்கஹாலும் அழுக்கும் சேரும். அப்போது ஆப்ப சோடா சிறிது போட்டு அமிலத்தை முறித்து, கண்ணாடி ஜாடியில் நல்ல வெயிலில் வைக்க வேண்டும். அழுக்கெல்லாம் கறுப்பாக அடியில் இறங்கும். வடிகட்டி, சில்வரின் அளவைச் சரிபார்த்து, திரும்ப அமிலம் விட்டால் பாத் புதுசுபோல ஆகும். வெயிலுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. ஒரு மே மாத வாரம் போதும்.

படம் எடுக்க எத்தனை விநாடி உட்கார வேண்டும்? லைட் மீட்டர் உதவுமா?

நல்ல திறந்த நிழலில், அகன்ற லென்ஸில், மூன்று முதல் பத்து விநாடி. இன்றைய கணக்கில் ஒளி உணரும் வேகம் ஐஎஸ்ஓ 1 என்று வைத்துக்கொள்ளுங்கள், சில நாள் அதற்கும் கீழே. உட்காருபவரின் பின்மண்டைக்கு ஒரு தாங்கி வைப்போம். கண் சிமிட்டுவது பரவாயில்லை, தலை அசையக் கூடாது.

மீட்டர் ஏமாற்றும். கொலோடியனுக்குத் தெரிவது நீலமும் ஊதாவும் புற ஊதாக் கதிரும்தான். மாலை நான்கரை மணிக்கு நம் கண்ணுக்கு நல்ல வெளிச்சம் இருக்கும், மீட்டரும் அப்படியே சொல்லும், ஆனால் பிளேட்டுக்கு அது அந்தி. சோதனைப் பிளேட் ஒன்று போட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

நிறங்கள் எப்படி மாறும்? என்ன உடுத்தி வர வேண்டும்?

நீலம் வெள்ளையாகும், சிவப்பும் மஞ்சளும் கறுக்கும். அரக்குப் பட்டுப்புடவை கறுப்புப் புடவையாகத் தெரியும். குங்குமப் பொட்டு கறுப்புப் பொட்டாகும். மஞ்சள் பூசிய முகம் கண்ணுக்குத் தெரிவதைவிடக் கருமையாக வரும். நீலச் சட்டையின் கோடெல்லாம் மறையும். வானத்தில் மேகம் தெரியவே தெரியாது. நீலக் கண்கள் பளிங்குபோல வெளுத்துத் தெரிவதைப் பழைய ஐரோப்பியப் படங்களில் பார்த்திருப்பீர்கள்.

மாநிறத் தோலும் கறுத்த தோலும் நேரில் இருப்பதைவிட இருண்டு பதியும். அதற்காக நம் முகங்களுக்கு இது ஒத்துவராது என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. இரண்டு மூன்று விநாடி கூடுதலாகக் கொடுத்து, பக்கவாட்டில் ஒரு வெள்ளை வேட்டியைப் பிடித்து வெளிச்சத்தைத் திருப்பினால், தோலின் மினுமினுப்பும் சுருக்கங்களும் இதில் வருவதுபோல டிஜிட்டலில் வருவதில்லை.

பச்சை குத்தியிருக்கும் பாட்டிகள் வந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுவேன்: நீலப்பச்சைக் கோடுகள் மங்கிவிடலாம், சில சமயம் தெரியாமலே போகலாம். நியூசிலாந்தின் மாவோரி மக்களுடைய முகப் பச்சைகள் பழைய வெட் பிளேட் படங்கள் பலவற்றில் இப்படித்தான் காணாமல் போயின.

டெவலப் செய்யும்போது என்ன நடக்கிறது?

இதைப் புரிந்துகொண்டால் பாதித் தவறுகள் தாமாகவே நின்றுவிடும். இன்றைய ஃபிலிமில் டெவலப்பர், எமல்ஷன் என்ற பூச்சுக்குள் இருக்கும் வெள்ளி உப்பையே வெள்ளியாக மாற்றுகிறது. இங்கே அப்படி இல்லை. பிளேட்டின் மேல் ஈரமாக ஒட்டிக்கொண்டிருக்கும் சில்வர் நைட்ரேட்தான் வெள்ளியைக் கொடுக்கிறது. அன்னபேதி அதை உடைத்து, ஒளிபட்ட இடங்களில் போய்ப் படியவைக்கிறது. அந்த ஈரத்தைக் கழுவிவிட்டால் படம் கட்ட வெள்ளியே இல்லை.

ஆகவே டெவலப்பரை ஓர் ஓரத்திலிருந்து ஒரே வீச்சில், அலைபோல, பிளேட்டை மூடும்படி விட வேண்டும். கீழே வழியவிடக் கூடாது. ஒரே இடத்தில் கொட்டினால் அங்கே சில்வர் அடித்துப் போய் இருண்ட வட்டம் விழும். பாசிட்டிவுக்கு 350 மில்லி தண்ணீரில் 15 கிராம் அன்னபேதி, ஏறத்தாழ 20 மில்லி அசெட்டிக் அமிலம், அதே அளவு ஆல்கஹால் என்பது நல்ல தொடக்கம். பத்துப் பதினைந்து விநாடியில் முகத்தின் வெளிச்சப் பகுதிகள் தலைகாட்டும். நிழலில் லேசாக விவரம் வர ஆரம்பித்த உடனே தண்ணீர் ஊற்றி நிறுத்துங்கள். இன்னும் கொஞ்சம் வரட்டும் என்று ஆசைப்பட்டால் பிளேட் முழுக்கச் சாம்பலாக மூட்டம் போட்டுவிடும்.

பிறகு ஃபிக்ஸர். இதை வெளிச்சத்திலேயே செய்யலாம் என்பதால் படமெடுத்துக்கொண்டவரைப் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்திக்கொள்வேன். நீலம் பாய்ந்த பால்போல ஒரு நெகட்டிவ். ஹைப்போ பட்டதும் அந்தப் பால் ஓரத்திலிருந்து விலகி, கறுப்புக்குள்ளிருந்து அவர் முகம் எழுந்து வரும். எத்தனை முறை செய்தாலும் எனக்கு மூச்சு நிற்கும் இடம் அது.

டின்டைப் வருகிறது. கண்ணாடி நெகட்டிவ் ஏன் வரமாட்டேன் என்கிறது?

இந்தக் கேள்விக்காகத்தான் நான் இவ்வளவையும் எழுத உட்கார்ந்தேன். இன்று இந்தக் கலைக்கு வருகிறவர்களில் பலர் டின்டைப்போடு நின்றுவிடுகிறார்கள். ஆனால் ஆர்ச்சர் கொடுத்தது நெகட்டிவ். 1861-ல் கார்ல்டன் வாட்கின்ஸ் 18-க்கு 22 அங்குலப் பிளேட்டுகளைக் கோவேறு கழுதைகளில் ஏற்றி யோசெமிட்டி பள்ளத்தாக்குக்குப் போனதும் நெகட்டிவுக்காகத்தான்.

முதலில், ஒளி கூடுதலாக வேண்டும். டின்டைப்புக்கு ஐந்து விநாடி என்றால் நெகட்டிவுக்குப் பத்து விநாடியிலிருந்து ஆரம்பியுங்கள். கறுப்பின் மேல் வைத்துப் பார்த்தால் அது வெளுத்துப்போன மோசமான அம்ப்ரோடைப் மாதிரி தெரிய வேண்டும். பலர் இங்கேதான் பயந்து பின்வாங்குகிறார்கள். கண்ணுக்கு அழகாகத் தெரியும் பிளேட் நெகட்டிவாக உதவாது. ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள், மேலிருந்து பார்க்காதீர்கள்.

இரண்டாவது, டெவலப்பர் மெதுவாக வேலை செய்ய வேண்டும். அன்னபேதியைக் குறைத்தோ, அமிலத்தைக் கூட்டியோ, கொஞ்சம் சர்க்கரை சேர்த்தோ நிதானப்படுத்துவோம். அரை நிமிடம், ஒரு நிமிடம் பிளேட்டின் மேலேயே நிற்க வேண்டும். ஒரு சொட்டுகூட வழியாமல் இருந்தால்தான் அத்தனை வெள்ளியும் படத்தில் போய் உட்காரும். இதில் கை பழக எனக்கு ஐம்பது பிளேட்டுக்கு மேல் ஆனது.

மூன்றாவது, இவ்வளவு செய்தும் பல சமயம் அடர்த்தி போதாது. ஆல்புமன் பேப்பரும் உப்புப் பேப்பரும் வெயிலில் மெதுவாகப் பிரிண்ட் ஆகிறவை, அவற்றுக்கு அழுத்தமான நெகட்டிவ் வேண்டும். அதனால் ஃபிக்ஸ் செய்து கழுவியபின் அடர்த்தி ஏற்றுகிறோம். நான் அதிகம் செய்வது மயில்துத்தத்தையும் பொட்டாசியம் புரோமைடையும் கலந்த கரைசலில் பிளேட்டை வெளுக்கவைத்து, நன்றாகக் கழுவி, மேலே சில்வர் நைட்ரேட் ஊற்றுவது. வெள்ளையாகிப் போன படம் சட்டென்று கருகருவென்று திரும்பி வரும். பைரோகாலிக் அமிலத்தில் சில சொட்டு சில்வர் விட்டு மெதுவாக ஏற்றுவது இன்னொரு வழி. அதில் கட்டுப்பாடு அதிகம்.

பழுத்துச் சிவந்த கொலோடியனில் மாறுபாடு கூடும் என்று சொன்னேனே, பாசிட்டிவுக்கு வேகமில்லை என்று ஒதுக்கிய அந்தப் புட்டியைக் கொட்டிவிடாதீர்கள். நெகட்டிவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நம் வெயிலில் இது சாத்தியமா?

ஈத்தர் கொதிக்கும் வெப்பநிலை 34.6 டிகிரி. சென்னை, மதுரை, யாழ்ப்பாணம் எங்கே இருந்தாலும் வருடத்தில் பல நாள் காற்றே அதைத் தாண்டிவிடும். புட்டியைத் திறந்தால் உஸ்ஸென்று சத்தம் வரும். ஆகவே கொலோடியனில் ஈத்தரைக் குறைத்து ஆல்கஹாலைக் கூட்டிக் கலப்பேன். டெவலப்பருக்கு அசெட்டிக் அமிலம் சற்று அதிகம். டெவலப்பரும் சில்வரும் ஐஸ் தண்ணீர் நிரப்பிய வாளிக்குள் உட்கார்ந்திருக்கும். பிளேட்டைக் கேமராவில் செருகும் ஹோல்டரின் பின்னால் ஈரத்துணியோ ஈர பிளாட்டிங் பேப்பரோ வைத்தால் இன்னும் நாலைந்து நிமிடம் கிடைக்கும். காலை ஏழரையிலிருந்து பத்துவரை வேலை செய்யுங்கள். கடலோரத்தில் ஈரப்பதம் பிளேட்டைக் காயவிடாமல் கொஞ்சம் உதவும்.

வெப்பத்தின் கஷ்டம் புதிதல்ல. 1858-ல் மதுரை, தஞ்சாவூர், ஸ்ரீரங்கம் கோயில்களைச் சென்னை அரசாங்கத்துக்காகப் படமெடுத்த லினேயஸ் டிரைப், கொலோடியன் உலகெங்கும் பரவிய அந்தக் காலத்திலும் முக்கியமாக மெழுகூட்டிய காகித நெகட்டிவையே பயன்படுத்தினார். காகிதத்தை முன்கூட்டியே தயார்செய்து மாட்டுவண்டியில் எடுத்துப்போகலாம், அங்கேயே ஊற்றி அங்கேயே கழுவ வேண்டியதில்லை.

இலங்கையோடும் ஒரு தொடர்பு உண்டு. கொலோடியன் நெகட்டிவில் முகங்களை எடுத்தவர்களில் நான் முதலிடம் கொடுக்கும் ஜூலியா மார்கரெட் கேமரன், 1875-ல் இங்கிலாந்தை விட்டு இலங்கைக்குக் குடிவந்தார். அங்கே தோட்டத் தொழிலாளர்கள் உட்படச் சிலரைப் படமெடுத்தார். 1879-ல் மலையகத்தில் இறந்து, பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார்.

என் பிளேட்டில் கறை, புள்ளி, மூட்டம். என்ன காரணம்?

வால்நட்சத்திரம் போலப் புள்ளியும் வாலும் இருந்தால் தூசி. கொலோடியனையோ பாத்தையோ வடிகட்டுங்கள். ஓரத்தில் சிப்பி ஓடு மாதிரி வளையக் கறை வந்தால் ஹோல்டரில் பழைய சில்வர் தங்கியிருக்கிறது, ஒவ்வொரு பிளேட்டுக்கும் துடையுங்கள். டெவலப்பர் எண்ணெய்போலத் திரிந்து ஓடினால், பாத்தில் சேர்ந்த ஆல்கஹாலுக்கு ஈடாக டெவலப்பரிலும் ஆல்கஹாலைக் கூட்டுங்கள். முழுப் பிளேட்டும் சாம்பலாக மூடினால் நான்கு காரணம் இருக்கலாம்: வெளிச்சக் கசிவு, பாத்தில் அமிலக் குறைவு, சூடான டெவலப்பர், பாத்தில் சேர்ந்த அழுக்கு. ஒரு பிளேட்டைக் கேமராவில் வைக்காமலே டெவலப் செய்யுங்கள். அப்போதும் மூட்டம் வந்தால் கேமரா மேல் குற்றமில்லை.

கேமரனின் படங்களில் கீறலும் விரல் தடமும் சுழலும் நிறைய உண்டு, அவர் அப்படியே விட்டார். அதைச் சொல்லித் தங்கள் அழுக்குப் பிளேட்டுகளுக்கு நியாயம் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். சுத்தமான பிளேட் செய்யத் தெரிந்தபின் கறையை விட்டுவைப்பது வேறு, செய்யத் தெரியாமல் விடுவது வேறு.

வார்னிஷ் கட்டாயமா?

ஆமாம். சாண்டராக் என்ற மொராக்கோ நாட்டுப் பிசினை ஆல்கஹாலில் கரைத்து லாவெண்டர் எண்ணெய் சேர்ப்பார்கள். ஸ்பிரிட் விளக்கின் மேல் பிளேட்டை உள்ளங்கை பொறுக்கும் சூட்டுக்குக் காட்டி, கொலோடியன் ஊற்றிய அதே முறையில் ஊற்றி, மறுபடி சூடு காட்டி உலர்த்த வேண்டும். வார்னிஷ் இல்லாத வெள்ளி சில வருடங்களில் கறுக்கும், நகம் பட்டால் சுரண்டிக்கொண்டு வரும். நெகட்டிவை வார்னிஷ் இல்லாமல் சில்வர் பேப்பரோடு வைத்துப் பிரிண்ட் போட்டால் ஒரே நாளில் கறை பிடித்துவிடும்.

வீட்டுப் பரணில் பழைய கண்ணாடி நெகட்டிவ் இருக்கிறது. அது இந்த வகையா?

பெரும்பாலும் இருக்காது. 1871-ல் ரிச்சர்ட் மேடாக்ஸ் ஜெலட்டின் உலர் பிளேட்டை அறிவித்தார். 1880-களில் கடையில் பெட்டியாக வாங்கும் உலர் பிளேட்டுகள் ஸ்டுடியோக்களைப் பிடித்துக்கொண்டன. நம் ஊர்களில் மிஞ்சியிருப்பவை அநேகமாக அவைதான். அடையாளம் எளிது. உலர் பிளேட்டில் பூச்சு ஓரம்வரை இயந்திரம் பூசியது போலச் சீராக இருக்கும், நிறம் நல்ல கறுப்பு, விளிம்பில் பாதரசம் பூசியதுபோல மினுக்கம் தெரியும். வெட் பிளேட்டில் ஓரம் கோணல்மாணலாக இருக்கும், ஒரு மூலையில் விரல் பிடித்த இடம் வெறுமையாகக் கிடக்கும், வெளிச்சத்தில் பார்த்தால் பழுப்பு, மேலிருந்து பார்த்தால் பாலேடு நிறம்.

எந்த வகையாக இருந்தாலும் தண்ணீரில் கழுவாதீர்கள். ஸ்பிரிட்டால் துடைக்கவே கூடாது, கொலோடியனும் வார்னிஷும் கரைந்து படம் துணியோடு வந்துவிடும். கண்ணாடிப் பக்கத்தை மட்டும் மென்மையான உலர்ந்த துணியால் துடைத்து, ஒவ்வொன்றையும் அமிலமில்லாத தாளில் மடித்து, நீளப் பக்கம் கீழே வரும்படி நிறுத்தி வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடியில் இருப்பது விரிசல் விடும். பரணை விட்டு இறக்கி, சூடும் ஈரமும் குறைந்த அலமாரிக்கு மாற்றுங்கள். அப்புறம் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே வெள்ளைத்தாள் ஒன்றை வைத்து, அதன் முன்னால் பிளேட்டைப் பிடித்து ஃபோனில் ஒரு படம் எடுத்து நிறத்தைத் தலைகீழாக்கிப் பாருங்கள். யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.